நாடாவின் காற்சட்டை

கடைசியாக ஓடி வருகிறவர்களுக்கென்று உலகத்தில் ஒரு கடவுள் உண்டு. அவர் வவுனியாவில், எங்கள் கம்பஸ் விடுதியில், எனக்கு அடுத்த கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வைத்த பெயர் நாடா.

நாடா கம்பஸ் அணியின் நானூறு மீற்றர் ஓட்டக்காரன். ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி என்றாலும் பயிற்சியை விட்டுவிட்டு உதவிக்குப் போய்விடுவான். சம்பளம் கிடையாது. அங்கே தின்னக் கொடுக்கும் றோல்சுக்காகப் போகிறான் என்று விடுதியில் ஒரு கட்சி, இலவசத் தொப்பிக்காக என்று இன்னொரு கட்சி. நான் றோல்ஸ் கட்சி.

அங்கே முடிவுக் கோட்டில் குறுக்கே நாடா பிடிப்பதுதான் அவன் வேலை, பெயரும் அதனால் வந்ததுதான். மற்றவர்கள் என்றால் முதலாவது ஆள் அறுத்ததும் போய்விடுவார்கள். இவன் வருகிற எல்லாருக்கும் புதிதாக ஒன்று பிடிப்பான். கூடவே நாய் ஓடி வந்தால் அதற்கும் ஒன்று. இவனைக் கண்டாலே விளையாட்டு ஆசிரியர்கள் நாடாச் சுருளை ஒளித்துவைப்பார்கள்.

ஒருமுறை மல்லாவிப் பக்கம் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டம். கடைசிப் பொடியன் இன்னும் அரைச் சுற்று வர வேண்டும். நாடா தீர்ந்துவிட்டது. பிரதம விருந்தினர் கொட்டாவி விடுகிறார். வெறும் கோட்டைக் கண்ட பொடியன் நடக்கவே தொடங்கிவிட்டான்.

"தம்பி, விலகுங்கோ. போட்டி முடிஞ்சுது," என்றார் ஆசிரியர்.

"முடியேல்ல சேர். பொடியன் வாறான்."

சொன்ன கையோடு தன் காற்சட்டை நாடாவை உருவினான். மறுமுனை பிடிக்க ஆளில்லை. நான் றோல்ஸ் மேசையடியில் நின்றேன். நாடாவுக்கு இரண்டு கை வேண்டும், காற்சட்டைக்கு ஒரு கை வேண்டும். மனிதனுக்கு மொத்தமே இரண்டு.

அவன் காற்சட்டையை விட்டான்.

உள்ளே ஓட்டக் காற்சட்டை போட்டிருந்தது மல்லாவி செய்த புண்ணியம். பிரதம விருந்தினர் எழுந்தே நின்றுவிட்டார். பொடியன் நாடாவைக் கண்டு பறந்து வந்தான். கணுக்காலில் காற்சட்டை சிக்கியதால் நம் ஆளால் விலக முடியவில்லை. இரண்டு பேரும் சுண்ணாம்புக் கோட்டில் உருண்டார்கள். மைதானம் முழுக்கக் கைதட்டல்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "ஏன்டா உனக்கு இந்த விசர் வேலை?"

"நான் எப்பவும் ரெண்டாவதடா. நாடா நெஞ்சில படுறது எப்பிடியெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது," என்றான். அன்றோடு நான் றோல்ஸ் கட்சியை விட்டு விலகினேன்.

அடுத்த கம்பஸ் போட்டியிலும் அவன் இரண்டாவதுதான். ஆனால் முதலாவது ஆள் கடந்த மறுகணம் கோட்டில் இன்னொரு நாடா நின்றது. ஒரு முனையில் நான், மறுமுனையில் தொப்பிக் கட்சித் தலைவர். நெஞ்சால் அதைத் தள்ளிக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்று முழுக்க நான் என் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். அவனுக்காக இன்னொரு நாளும் நடப்பேன்.