இரண்டு கிலோ பொய்

"உள்ளே என்ன பண்றீங்க? அரை மணி நேரமாச்சு."

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்றார் தராசுக்காரர், உதட்டில் இரண்டு திருகாணிகளைக் கவ்வியபடி.

குளியலறைத் தரையில், துண்டு மாட்டும் கம்பிக்குக் கீழே, எடை மெஷின் குப்புறக் கிடந்தது. அதன் வயிற்றைத் திறந்து, சுருள்வில்லுக்குப் பக்கத்தில் இருந்த குட்டி ஆணியை அவர் அரைச் சுற்று திருப்பிக்கொண்டிருந்தார். அந்த நகரத்தில் பாதிக் கடைகளின் தராசுகளைப் பழுதுபார்ப்பவர் அவர்தான். 'என் கை பட்ட தராசு அரை கிராம் பொய் சொல்லாது' என்று விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்து வைத்திருந்தார். அப்பேர்ப்பட்டவர் சனிக்கிழமை காலையில் சொந்த வீட்டு மெஷினுக்கு இரண்டு கிலோ பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

காரணம் டாக்டரம்மா. ஐந்து வாரம் முன்னால் அவர் சொன்னது சின்ன விஷயம்தான். "தொண்ணூத்திரண்டு இருக்கீங்க. மூணு மாசத்துல அஞ்சு கிலோ குறைஞ்சா போதும். பட்டினி கிடக்க வேண்டாம். சின்னத் தட்டுல சாப்பிடுங்க, மெதுவா மெல்லுங்க, தினம் அரை மணி நேரம் நடங்க, இனிப்பைக் குறைங்க."

மனைவி அதைச் சட்டமாக்கிவிட்டாள். வீட்டில் இருந்த பெரிய தட்டுகள் பரணுக்குப் போயின. வெண்ணெய், சீஸ், ஜாம் எல்லாம் வீட்டை விட்டே போயின. ஃபிரிட்ஜ் கதவில் வாரத்துக்கான சாப்பாட்டுப் பட்டியல் ஏறியது. சனிக்கிழமை தோறும் எல்லோரும் மெஷினில் ஏற வேண்டும், அவள்தான் குனிந்து முள்ளைப் படித்துக் குறித்துக்கொள்வாள். மற்றவர்கள் சொல்லும் கணக்கில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

தராசுக்காரர் நடக்கத்தான் செய்தார். ஆனால் அவர் தொழில் அவரை பேக்கரிகளுக்கும் அழைத்துப் போனது. தராசைச் சரிசெய்த பிறகு எதையாவது வைத்துச் சோதிக்க வேண்டுமல்லவா? பையில் எடைக்கற்கள் இருந்தன. பக்கத்தில் கேக்கும் இருந்தது. எடை போட்ட கேக்கைத் திரும்ப அலமாரியில் வைப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. ஐந்து வாரம் கழித்தும் முள் தொண்ணூற்றிரண்டை விட்டு நகரவில்லை.

கதவைத் திறந்தார். மனைவி நோட்டுடன் வந்தாள்.

"தொண்ணூறு," என்று படித்தாள். "பார்த்தீங்களா? சொன்னபடி கேட்டா குறையுது."

அடுத்து அவளே ஏறினாள். அவளுக்கும் இரண்டு கிலோ குறைந்திருந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது தராசுக்காரருக்குத் தான் செய்தது ஒரு வகையில் புண்ணியம் என்றே தோன்றியது.

"அப்பா, வாங்க."

மாமனார் வந்தார். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழைதிருத்தி ஓய்வு பெற்றவர், ஒல்லியான மனிதர். கண் அங்கேயே தேய்ந்துவிட்டது, பேச்சும்தான். குறைக்க வேண்டிய எடை அவர் உடம்பில் எங்குமே இல்லை, இருந்தாலும் வீட்டுக்கு ஒரே சட்டம். பட்டியலில் 'முட்டைகோஸ்' என்று இருந்ததைப் பென்சிலால் 'முட்டைக்கோஸ்' என்று திருத்தியதோடு அவருடைய எதிர்ப்பு முடிந்துவிட்டது.

மனைவி குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை.

"என்னங்க, அப்பா ஐம்பத்தாறு காட்டுது. போன வாரம் அறுபது."

தராசுக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். நான்கில் இரண்டு தன் பொய். மீதி இரண்டு?

"மெஷின் தப்பா இருக்குமோ?"

"நான் பார்த்து வெச்ச மெஷின்," என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

அன்று மாலையே வெண்ணெய் வீடு திரும்பியது, மாமனாருக்கு மட்டும். கூடவே சீஸ், இரண்டு முட்டை, ஒரு டம்ளர் கெட்டிப் பால். மற்ற இருவருக்கும் பட்டியல்படி முட்டைக்கோஸ். மாமனார் ரொட்டியில் வெண்ணெயை ஓரம் வரை, ஒரு இடம் விடாமல், பிழை திருத்துகிற கவனத்தோடு தடவினார்.

தராசுக்காரருக்கு அந்த மனிதரை நிஜமாகவே பிடிக்கும். கல்யாணம் பேசியபோது அந்த வீட்டில் எல்லோரும், "தராசு ரிப்பேரா? அதுல என்ன வரும்?" என்று கேட்டார்கள். கேட்காதவர் இவர் ஒருவர்தான். அந்த உடம்பு உருகுவதை ஒரு பொய்யால் மூடி வைப்பது மகாபாவம் என்று அடுத்த வெள்ளிக்கிழமை மெஷினை மறுபடி திறந்து, கல் வைத்துச் சோதித்து, சுத்தமான உண்மைக்குக் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை உண்மை பேசியது. அவர் தொண்ணூற்றிரண்டு. மனைவி பழைய எடை. மாமனார் ஐம்பத்தைந்து.

"நமக்கு ஒரே வாரத்துல ரெண்டு கிலோ ஏறியிருக்கு, அப்பாவுக்கு இறங்கியிருக்கு," என்றாள் மனைவி. "முட்டைக்கோஸ்லகூடக் கொழுப்பு இருக்கும் போல."

அன்றிலிருந்து இவர்கள் இருவருக்கும் ரொட்டி நிறுத்தப்பட்டது. மாமனாருக்கு முந்திரி சேர்க்கப்பட்டது.

வாரம் முழுவதும் தராசுக்காரருக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. பேக்கரியில் கேக்கை எடை போட்டுவிட்டுச் சும்மாவே வந்தார். மாமனார் ஐந்து கிலோ இறங்கியிருக்கிறார், அதுவும் வெண்ணெய் தின்றுகொண்டே. இன்னும் ஒரு வாரம் இறங்கினால் மனைவி தாங்கமாட்டாள். டாக்டரிடம் போவதற்குள் அவள் நெஞ்சு வெடித்துவிடக் கூடாது என்று, இந்த முறை ஆணியை எதிர்ப்பக்கம் திருப்பி, மெஷினை இரண்டு கிலோ கூட்டிச் சொல்ல வைத்தார். நல்ல எண்ணத்தில் சொல்லும் பொய் வேறு ரகம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

மாமனார் ஏறினார். மனைவி குனிந்தாள்.

"ஐம்பத்துமூணு," என்றாள்.

அப்படியென்றால் நிஜத்தில் ஐம்பத்தொன்று. தன்னுடைய தொண்ணூற்றுநான்கைத் தராசுக்காரர் கவனிக்கக்கூட இல்லை. மனைவி கவனித்தாள், ஆனால் திட்டுவதற்கு அவளிடம் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை மூவரும் டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி நோட்டைப் பிரித்து, "மூணு வாரத்துல ஏழு கிலோ, டாக்டர். எவ்வளவு குடுத்தாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது," என்றாள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனாவின் சத்தத்தை அதற்கு மேல் தராசுக்காரரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"டாக்டர், ஏழு இல்ல. ஒன்பது."

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"மெஷினை நான் ரெண்டு கிலோ ஏத்தி வெச்சிருந்தேன். நீ பயந்துடக் கூடாதுன்னு. அதுக்கு முந்தி ரெண்டு கிலோ இறக்கி வெச்சிருந்தேன். அது எனக்காக."

மனைவி நோட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள்.

"அப்போ எனக்குக் குறைஞ்ச ரெண்டு கிலோ?" என்றாள் மனைவி.

"அதுவும் நான்தான்."

"தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனே."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "முதல்ல இந்த மெஷின்ல ஏறுங்க பெரியவரே," என்றார். அறையின் நடுவில் இருந்த மெஷினில் மாமனார் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறி நின்றார்.

"அறுபத்துமூணு. மூணு கிலோ ஏறியிருக்கார். இவருக்கு ஒண்ணும் இல்ல, வெண்ணெயை நிறுத்துங்க." பிறகு தராசுக்காரரிடம், "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்றார்.

"தராசு ரிப்பேர்."

டாக்டரம்மா தன் மெஷினைக் காலால் மெல்ல மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

பொய் சொன்னவன் என்ற பெயரைக்கூடத் தராசுக்காரர் தாங்கிக்கொண்டிருப்பார். கணக்குதான் தாங்கவில்லை. அறுபத்துமூன்று கிலோ ஆளுக்கு, அவர் திருப்பிய திருப்புக்கு, வீட்டு மெஷின் அறுபத்தைந்து காட்டியிருக்க வேண்டும். காட்டியது ஐம்பத்துமூன்று. இருபத்தெட்டு வருஷத் தொழிலில் அவர் கை பன்னிரண்டு கிலோ தவறியதில்லை, பன்னிரண்டு கிராம்கூடத் தவறியதில்லை.

"நாளையிலிருந்து நான் எந்தக் கடைக்கும் போகலை," என்றார் வாசலில். "கை போயிடுச்சு. ஜனங்களை ஏமாத்தக் கூடாது."

மனைவி வண்டி பிடிக்கத் தெருவுக்குப் போனாள். மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைத் தேடினார். தராசுக்காரர் குனிந்து அதை எடுத்து அவர் காலடியில் வைத்தார். மருமகனின் கண் கலங்கியிருந்தது.

மாமனார் தெருப்பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு அவர் காதருகே சாய்ந்து சொன்னார்:

"உங்க கையில குறை ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை, முதல் வாரம் வழுக்கிடுமோன்னுதான் துண்டு மாட்டுற கம்பியைப் பிடிச்சேன், வெண்ணெய் வர ஆரம்பிச்சதும் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சேன்."