அக்காவின் நஞ்சுக்கொடியும் அரைக்கிலோ தேயிலைத் தூளும்

தேர்வில் எழுதத் தெரிந்ததைப் பேருந்தில் நினைக்கத் தெரியாதவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு நானே தலைவன்.

இப்போது ஆய்வுக்கூடத்துக்கு மனித நொதி வேண்டுமென்றால் மனித மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்துவிடுகிறார்கள். கேட்டதை அது செய்து கொடுக்கிறது. கட்டைவிரல் அளவுக் குப்பியில் வந்து சேர்கிறது. எழுபதுகளில் நான் பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவன். அன்று அதை மனித உடம்பிலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும். எனக்கு வேண்டிய நொதி, பிரசவத்தில் விழும் நஞ்சுக்கொடியில் இருந்தது. "மாசக் கடைசிக்குள்ள கொண்டு வந்துருங்க தம்பி. இல்லாட்டி நீங்க வேற எடம் பாத்துக்கோணுமுங்க" என்றார் பேராசிரியை. பாலக்காட்டுத் தமிழ்ப் பகுதியான கொழிஞ்சாம்பாறைக்காரர், மரியாதை குறையாமலே கழுத்தைப் பிடிப்பார்.

எங்கள் வீடு வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். அங்கே நஞ்சுக்கொடியை வீட்டுப் பக்கத்திலேயே புதைப்பார்கள். அப்போதுதான் பிள்ளை ஊர் தங்கும் என்று நம்பிக்கை. நான்கு வீட்டில் கேட்டேன். (நான்காவது வீட்டில் விளக்குமாற்றைத் தேடினார்கள்.) கடைசியில் என் அக்காவுக்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தலைப்பிள்ளை பிறந்தது. மச்சான் லயத்தின் பின்னால் குழி தோண்டி வைத்திருந்தார். நான் கட்டிலருகே போய் அழாத குறையாகக் கேட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் பிள்ளையையே பார்த்தாள். "எடுத்துட்டுப் போலே. ஒன் படிப்புக்குத்தான கேக்க. மிச்சத்தக் குப்பையில மட்டும் போட்றாத. நல்ல மரமாப் பாத்து அடியில புதைச்சிரு" என்றாள். மச்சான் போய்க் குழியை மூடினார்.

எஸ்டேட் மேலாளரின் துரை பங்களாவில் கெஞ்சி வாங்கிய ஐஸோடு அதை ஒரு பெரிய அலுமினியத் தூக்கில் வைத்துப் பேருந்து ஏறினேன். மலை இறங்கும்வரை ராஜாதான். கோட்டயம் நெருங்கும்போது ஐஸ் கரைந்து, சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். நடத்துநர் குனிந்து பார்த்து, "எந்தா, மீனாணோ?" என்று கேட்டார். நஞ்சுக்கொடி என்று சொல்ல எனக்கு மலையாளமும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. தேயிலை என்றேன்.

சொன்ன பொய்யை மெய்யாக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. எங்கள் ஊரில் யாரைப் பார்க்கப் போனாலும் தேயிலை இல்லாமல் போகமாட்டோம்; பேராசிரியைக்கென்று அப்பா அரைக்கிலோ தூள் கொடுத்திருந்தார். லயத்தில் எது சிந்தினாலும், எது நாறினாலும் பழைய தூளைத்தான் தூவுவோம். கோட்டயம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அத்தனையையும் தூக்குக்குள் கொட்டினேன். கசிவு நின்றது, நாற்றமும் நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு பாலக்காடு போய்ச் சேர்ந்தேன்.

பேராசிரியை மூடியைத் திறந்தார். உள்ளே கறுத்து விறைத்த ஏதோ ஒன்று இருந்தது. தேயிலையில் உள்ள டானின் புரதத்தைப் பற்றி இறுக்கிவிடும், தோல் பதனிடுவதும் அப்படித்தான் என்று ஒன்றரைப் பக்கம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். "இது செருப்புத் தைக்கத்தான் ஆகுமுங்க தம்பி" என்றார் அவர். அன்று மாலையே அது கல்லூரிக் குப்பையோடு போயிற்று. நான் தடுக்கவில்லை. அவமானத்தில் எனக்கு அக்காவின் ஞாபகமே வரவில்லை. இன்றும் உறுத்துவது அதுதான். மாதக் கடைசியில் நானும் வெளியே வந்தேன். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனேன்.

அக்காவுக்கு மட்டும், கல்லூரி நாவல் மரத்தடியில் புதைத்துவிட்டதாகக் கடிதம் எழுதினேன். மூன்று வருடம் கழித்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மரத்தைப் பார்க்க வந்து நின்றாள். கல்லூரியில் நாவல் மரமே கிடையாது. (எழுதும் முன் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம்.) கைக்கு வந்த மரத்தைக் காட்டினேன். அக்கா அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பிள்ளையைக் கும்பிடச் சொல்லி, அடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.

அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றுதான் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அக்கா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அன்னைக்கே தெரியும்லே. மலங்காட்டுல பொறந்தவளுக்கு நாவமரம் எது, தூங்குமூஞ்சி மரம் எதுன்னு தெரியாதாக்கும்? பிள்ள பக்கத்துல நிக்கான். அவன் முன்னால ஒன்னைய என்னத்தக் கேக்க?"

வீடே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அக்கா மகன் அதற்குப் பிறகு மூன்று ஊர் மாறிவிட்டான். எப்போது என்னோடு நடந்தாலும் ஏதாவது ஒரு மரத்தடியில் நின்று, "மாமா, இது என்ன மரம்?" என்று கேட்பான். நான் நடையை எட்டிப் போடுவேன்.