வெர்னாவின் கார் முகர்ந்து பார்க்கப்படும்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வெர்னா கார்க்கமுக்கு ஒரே பயம். நகராட்சி அலுவலக வாசலில் காரை நிறுத்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஏழு தடவை சொல்லிப் பார்த்தாள். ஏழு தடவையும் வேறு வேறாக வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அச்சடித்த தாளைக் கண்டாலே உள்ளங்கை வியர்த்துவிடும்.

விஷயம் இதுதான். கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கடலோரத்தில் உள்ள அந்தச் சிற்றூரில், கார் ஓட்ட முடியாத முதியவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் பிழைப்பு. அதற்கு நகராட்சியின் அனுமதி அட்டை வேண்டும். இந்த ஆண்டு முதல், அட்டையைப் புதுப்பிக்கும் முன் வாகனத்தின் உட்புறம் "பயணிகளின் நலன் கருதி முகர்ந்து பார்க்கப்படும்" என்று தாள் வந்திருந்தது. வண்டிக்குள் புத்துணர்ச்சி தரும் மணம் இருத்தல் வேண்டும் என்றது நான்காம் விதி. வாசனை ஒத்துக்கொள்ளாதவர்களை முன்னிட்டு, எவ்வித மணமும் இருத்தல் கூடாது என்றது ஒன்பதாம் விதி.

முகரும் அதிகாரி கிளைவ் பூட்டிலியர் கையேட்டோடு வெளியே வந்தார். கார்க் கதவைத் திறந்தார், கண்ணை மூடினார், மூக்கை உள்ளே நுழைத்தார்.

"என்னம்மா, பைன் மர வாசனை அடிக்குது?"

"கண்ணாடியில தொங்குற வாசனை அட்டை மரம் சார். நாலாம் விதிக்காக."

"ஒன்பதாம் விதிப்படி அது குத்தம். கழட்டுங்க."

கழற்றினாள். மறுபடியும் முகர்ந்தார்.

"இப்போ புத்துணர்ச்சியே இல்லையே. நாலாம் விதி அடிபடுது."

"அப்போ எந்த வாசனைதான் சார் இருக்கணும்?"

"வாசனை இல்லாத புத்துணர்ச்சிம்மா. புதுக் கார்ல வருமே, அது மாதிரி."

"புதுக் காருக்கும் ஒரு வாசனை உண்டே சார்."

"அது வாசனை இல்ல. அது புதுசு."

தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய், அதைக் கையேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார் கிளைவ். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

அந்த வாரம் வெர்னா சோறு தண்ணி மறந்தாள். மிதியடிகளை உருவித் துவைத்தாள். இருக்கைக்கு அடியிலிருந்து பதினொரு காபிக் கோப்பை மூடிகளும், கல்லாகிவிட்டாலும் கெட்டுப்போகாத ஓர் உருளைக்கிழங்கு வறுவலும் கிடைத்தன. வினிகர் போட்டுத் துடைத்தாள். கார் ஊறுகாய் ஜாடியாக மாறியது. அதைப் போக்கச் சமையல் சோடாவைத் தூவி, முழுநாள் ஊறவிட்டு, இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுத்தாள். கடைசியில் காலணியைக் கழற்றிப் பின்பெட்டியில் போட்டுவிட்டு, காலுறையோடு ஓட்டிக்கொண்டு அலுவலகம் போனாள்.

கிளைவ் முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"ஒண்ணுமே இல்ல! பிரமாதம்! இனி பயணியோட ஒரு சோதனை, அவ்வளவுதான்."

பயணி எல்ரிட்ஜ் கிழவர் ஓரமாகக் காத்திருந்தார். நாற்பது வருஷம் சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுக்கு இரையாக ஹெரிங் மீன் வெட்டியவர். இப்போது முழங்கால் வைத்தியத்துக்கு வாரம் மூன்று நாள் போகிறவர். அவர் ஏறி உட்கார்ந்ததும் கிளைவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"வண்டி தேறிடுச்சு. ஐயாதான் தேறல."

"நான் எந்தப் பரீட்சையிலதான் தேறினேன் தம்பி? உன் மூக்கு தேறிச்சான்னு யாரு பாத்தா?"

"ஐயா குளிக்கிறதுண்டா?"

"காலையிலதான் குளிச்சேன். நாப்பது வருஷமா எனக்குள்ள குடியிருக்கிற மீனு, ஒரு சோப்புக்குப் பயந்து வீட்டைக் காலி பண்ணுமா?"

வெர்னா குறுக்கே வந்தாள். "சார், இவரை ஏத்தத்தானே இந்தக் காரு?"

"அங்கதாம்மா சிக்கலே. தேறாத வண்டி அத்தனையையும் ஆராய்ஞ்சு பாத்துட்டோம். காரணம் ஒண்ணே ஒண்ணுதான். உள்ள ஆளுங்க உக்கார்றாங்க."

"ஆளே உக்காரலன்னா?"

"முதல் தர அட்டையே உண்டு."

வெர்னா அப்புறம் யோசிக்கவில்லை. காரைக் கொட்டகையில் நிறுத்தி, கதவு இடுக்கெல்லாம் நாடா ஒட்டினாள். முதல் தர அட்டை வந்தது, பாராட்டுக் கடிதத்தோடு. பிழைப்பும் தப்பியது. முதியவரை மருத்துவமனையில் சேர்ப்பதுதான் வேலை. எதில் ஏற்றிச் சேர்ப்பது என்று எந்த விதியிலும் இல்லை. ஆகவே எல்ரிட்ஜைக் கைத்தாங்கலாக நகராட்சிப் பேருந்தில் கூட்டிப்போனாள். அது நகராட்சியின் சொந்த வண்டி என்பதால் அதை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. உள்ளே நிற்க இடமில்லை. ஊரிலுள்ள முதல் தர ஓட்டுநர்கள் அனைவரும் தத்தம் கிழவர் கிழவிகளைப் பிடித்தபடி, எல்ரிட்ஜுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நின்றார்கள்.

அப்படியும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மழை பெய்யும் ஒரு நாள், ஆசைப்பட்டுத் தானே காரில் ஏறிவிட்டால்? ஒரு மூச்சு விட்டால் போதுமே, அட்டை போய்விடும். இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கிளைவிடம் நீட்டினாள். "நீங்களே வச்சிருங்க சார். நான் கேட்டாக்கூடக் குடுத்துடாதீங்க."

கிளைவ் அலமாரியைத் திறந்தார். வரிசை வரிசையாகச் சாவிகள் தொங்கின. கடைசிக் கொக்கியில் அவளுடையதை மாட்டினார்.

"பக்கத்துல இருக்கிறது யாரோடது சார்?"

"என்னோடது," என்றவர் அவசரமாகக் கோட்டை மாட்டினார். "வாங்கம்மா, வாங்க. பஸ்ஸு போயிடப் போகுது."