செத்துப்போனவன் தும்மிய விவரம்

கும்பகோணத்தில் குறைவில்லாமல் வாழும் மச்சான் கலியமூர்த்தி அவர்களுக்கு, ஆவடி சேக்காட்டிலிருந்து உங்கள் தங்கை புருஷன் எத்திராஜ் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. அங்கே எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுத மனசு வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், கூடத்தில் பேசுவது சமையலறையில் இருக்கும் உங்கள் தங்கை காதில் அட்சரம் பிசகாமல் விழும். அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

என் பிள்ளை ஸ்ரீநாத்துக்கு முப்பத்தொன்று நடக்கிறது. பதினோரு வரன் தட்டிப்போய், பன்னிரண்டாவதாகப் பூந்தமல்லி பார்த்தசாரதி பெண் வித்யா ஜாதகம் பொருந்தியது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண் பஜ்ஜி சொஜ்ஜி வைத்துப் பெண் பார்க்கும் சடங்கெல்லாம் வேண்டாம், பையனைச் சாதாரணமாகப் பார்த்தால் போதும் என்றதாம். இந்தப் புத்திசாலி என்ன செய்தான் தெரியுமா? எங்கள் குடியிருப்பின் ஆண்டுவிழா நாடகத்தில் நான் நடிக்கிறேன், அப்பாவோடு வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டான். நாடகம் நானூறு வருஷத்துப் பழைய சீமைக் கதை. தூக்க மருந்து குடித்துக் கிடக்கும் காதலியைச் செத்துவிட்டாள் என்று நினைத்து, காதலன் விஷம் குடித்துச் சாகிறான். காதலன் நம்ம ஆள்.

கேட்டதிலிருந்து உங்கள் தங்கை ஆடின ஆட்டம் இருக்கே! நாடகம் போடுகிற மூன்றாவது மாடி அஸ்வினிடம் நேரே போய், “கல்யாணம் பேசுற புள்ள பொணமா படுப்பானா? ஊருக்குப் போயிட்டான்னு முடிச்சிடேன்பா” என்றாள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் அவன், “ஆன்ட்டி, நானூறு வருஷமா செத்துக்கினு இருக்கான், இப்ப போய் நான் எப்படி நிறுத்துறது?” என்று கையை விரித்துவிட்டான். சரி, விட்டாளா? ஒத்திகையில் செத்துவிட்டு இவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே மறித்து, “அப்படியே உள்ள வராதடா, தலைக்கு ஊத்திக்கோ!” மார்கழி மாசம், பச்சைத் தண்ணீர். பத்தொன்பது ஒத்திகை, பத்தொன்பது முழுக்கு. இருபதாவது நாள் நாடகம். பிள்ளைக்கு மூக்கிலிருந்து ஆவடி ஏரி.

நாடகத்தன்று முதல் வரிசையில் பார்த்தசாரதியும் பெண்ணும். எல்லாம் நன்றாகத்தான் போனது. விஷக் குப்பியில் ரோஸ்மில்க் இருக்க வேண்டும். உங்கள் தங்கை யாருக்கும் தெரியாமல் அதைக் கொட்டிவிட்டு, சளிக்கு நல்லது என்று நிலவேம்புக் கஷாயத்தை ஊற்றி வைத்திருக்கிறாள். குடித்தவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கூட்டம் விசில் அடித்தது. நடிப்பு என்று நினைத்தார்கள், பாவம். விழுந்தான், செத்தான். கூட்டம் கப்சிப். அப்போது பாருங்கள், செத்தவன் தும்மினான்.

அத்தோடு போனால் தேவலையே. பக்கத்தில் மயங்கிக் கிடக்கும் காதலி வேறு யாருமில்லை, பி பிளாக் ரேவதி. இரண்டு பிள்ளை பெற்றவள். பழக்க தோஷம், படுத்தபடியே “நூறு” என்றாள். அடுத்த தும்மலுக்குக் கூட்டத்திலிருந்த அத்தனை தாய்மார்களும் “இருநூறு!” கடைசியில் நின்ற வாட்ச்மேன் தேவா, “இன்னா சார், பொணத்துக்கு ஆயுசு ஏறிக்கினே போவுது!” என்று கத்தினான். மூன்றாவது தும்மலுக்கு “முந்நூறு” என்று முதல் வரிசையிலிருந்து ஒரு குரல். யார் என்று பார்ப்பதற்குள் வித்யா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்தாள். அப்பா பின்னாலேயே ஓடினார். அவள் தோள் குலுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அழ வைத்துவிட்டோமே என்றுதான் நினைத்தேன்.

மூன்று நாளாயிற்று. பார்த்தசாரதி போனை எடுக்கவில்லை. பன்னிரண்டாவதும் போயிற்று. உங்கள் தங்கையோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். தயவுசெய்து உங்கள் பக்கத்திலேயே ஒரு பெண் பாருங்கள். நாடகம், சினிமா எதுவும் பிடிக்காத குடும்பமாக இருந்தால் கோடி புண்ணியம். உங்கள் தங்கைக்கும் நாலு வார்த்தை நன்றாக எழுதுங்கள். வீட்டில் எல்லாருக்கும் என் அன்பும் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன எத்திராஜ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பார்த்தசாரதியே வீட்டுக்கு வந்துவிட்டார். பெண் அழவில்லையாம், சிரிப்பாம். “இவ அம்மா தவறி ஒன்றரை வருஷம் ஆச்சுங்க. பூந்தமல்லி போய்ச் சேர்ற வரைக்கும் சிரிச்சா. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு, அதான் போனை எடுக்கல” என்றார். முந்நூறு சொன்னது அவள்தானாம். தை பிறந்ததும் நிச்சயம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பி வாருங்கள்.

ஸ்ரீநாத்தின் சளி எனக்குத் தொற்றிவிட்டது. இதை எழுதி முடிப்பதற்குள் நாலு தடவை தும்மினேன். உங்கள் தங்கை சமையலறையில்தான் இருக்கிறாள். ஒரு தடவைகூட நூறு சொல்லவில்லை. ஒரு டம்ளர் கஷாயம் மட்டும் ணங்கென்று மேஜைக்கு வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.