சூறாவளிச் சுல்தானின் ராத்தா

தண்ணீரூற்று,
முல்லைத்தீவு.
வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்புத் தம்பி ஸஜாதுக்கு ராத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் ஷமீலாவுக்கும் அல்லாஹ் நல்ல ஈமானையும், உடம்புச் சுகத்தையும், புத்தளத்து உப்பள வெயிலைத் தாங்கிற தோலையும் தரட்டும். எங்களுக்கு முதல் இரண்டையும் தந்திருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

நடந்ததை வேற ஆக்கள் கூட்டிக் குறைச்சுச் சொல்ல முதல் நானே சரியா எழுதிப்போடுறன். போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுதாப் பிறகு எங்கட முன்னறையில இருந்த ஆக்கள்: நான், உன்ர மச்சான், மகள் அஸ்மியா, பக்கத்து வீட்டு ராஜினி. ராஜினி என்ர மா அரிக்கிற அரிதட்டைத் திருப்பித் தர வந்தவ, வந்த கால் திரும்பேல்லை. பூனையும் இருந்தது. அது ஒரு கதையும் கதைக்கேல்லை எண்டபடியால் கணக்கில சேர்க்கேல்லை.

அஸ்மியாதான் போனையும் ரீவியையும் என்னவோ செய்து பொருத்திப்போட்டு, "உம்மா, நீங்கள் முந்திப் பாத்த கார்ட்டூன் சூறாவளிச் சுல்தான் திரும்பி வந்திட்டார், புதுசா எடுத்திருக்கினம், பகிடிப் படமாம்" எண்டாள். நான் அடுப்பை அணைச்சுப்போட்டு, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, பெரிய மனிசரைப் பாக்கப் போற மாதிரிக் கதிரையில வந்து இருந்தன். ஸஜாத், என்னத்தைச் சொல்ல. வந்தவனுக்குத் தொப்பை வண்டி. முதுகில தொங்கின நீலத் துணியால மேசை துடைக்கிறான். உன்ர மச்சான், "இவன் ஆர், சாப்பாட்டுக் கடையில நிக்கிறவனோ?" எண்டு கேட்டார். பேரும் சுல்தான் இல்லையாம், கப்டன் புயலோனாம். சரி, காலம் மாறிப்போச்சு, பேரை மாத்தினா மாத்திப்போட்டுப் போகட்டும் எண்டு நான் பொறுத்தன். அதுக்குள்ள அந்த மஞ்சள் சட்டைப் பொம்பிளை வந்தா. வந்தவட கையைப் பிடிச்சு இவன் "அன்பே" எண்டானே! அஸ்தஃபிருல்லாஹ்! சொந்த ராத்தாவை! நான் எழும்பிப் போய் ரீவியை மறைச்சுக்கொண்டு நிண்டன். ராஜினி, "றம்லா அக்கா, கொஞ்சம் விலகுங்கோ, நல்ல இடத்தில நிக்கிறியள்" எண்டு சொல்லிச் சிரிக்கிறா. அவவுக்கு என்ன தெரியும், எங்களை ஊரை விட்டு எழுப்பின நேரம் அவ எங்களோட புத்தளத்து முகாமில இருந்தவவோ?

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அஸ்மியாட போனை வாங்கி, அந்தப் படத்துக்குக் கீழ உலகத்தில உள்ள ஆக்கள் எல்லாம் எழுதிற இடத்தில நானும் எழுதினன். ஸலாம் சொல்லித்தான் தொடங்கினன், மரியாதை பிழைக்கேல்லை. மஞ்சள் சட்டை சுல்தானின் உடன்பிறந்த ராத்தா, அவவைக் காதலி ஆக்கினது ஹராம். தண்ணி பவுசர் லொறியை மீட்கிற சண்டையை ஏன் வெட்டினனீங்கள்? "ராத்தா, சோத்தை மூடி வையுங்கோ, வாறன்!" எண்டு சுல்தான் சொல்லிப்போட்டுப் பறக்கிற அந்த ஒரு சொல்லு எங்க போச்சு? அது இல்லாட்டி அவன் என்ன வீரன்? இப்பிடி எழுதி அனுப்பிப்போட்டு, மறுமொழி வருகுதோ எண்டு தேத்தண்ணியும் குடிக்காமல் இருந்தன்.

வந்தது. மதுரையில இருந்து ஒருத்தர், "ஆன்ட்டி, நீங்க எந்த கார்ட்டூன் பார்த்தீங்க?" எண்டு கேட்டிருந்தார். கனடாவில இருந்து ஒரு பிள்ளை, "அக்கா, அது தண்ணி பவுசர் இல்லை, ரொக்கெட். அவ ராத்தாவும் இல்லை, முதல் பாகத்திலயே காதலி" எண்டு எழுதினது. இன்னொருத்தர், புதுசைத் திட்டி எழுதின எல்லாரையும் திட்டிறவர், என்னை மட்டும் திட்டாமல், "உங்கட கதை நல்லா இருக்கு, அதை எங்க பாக்கலாம்?" எண்டு கேட்டவர். நான் போனைக் கவுட்டு வைச்சன்.

அதை எங்க பாக்கலாம்? முகாம் வாசல் கடையில பாக்கலாம், தம்பி. சத்தம் செத்த ரீவி, படம் மட்டும் ஓடும். நீ மண்ணெண்ணெய்த் தகரத்துக்கு மேல ஏறி நிண்டு, "எனக்கு உதட்டைப் பாத்தா விளங்கும்" எண்டு சொன்னாய், முகாமே நம்பினது. வில்லன் மீசையை முறுக்கினா, "இண்டைக்கும் பவுசரைத் திருப்பி அனுப்பிப்போட்டன்!" எண்டு நீ கத்துவாய், வாளியோட வரிசையில நிண்ட பொம்பிளையள் எல்லாம் அவனுக்குச் சாபம் போடுவினம். மஞ்சள் சட்டை வரேக்க மட்டும் உன்ர குரல் சின்னனாப் போகும். சோறு மூடி வையுங்கோ எண்டு நீ சொல்லேக்க ரீவியைப் பாக்கிறேல்லை, முன்னுக்குக் குந்தியிருந்த என்னைத்தான் பாப்பாய். உலகம் முழுக்கக் காதலியாம். எங்கட முகாமில மட்டும் அவ ராத்தா. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதை ஒரு கனடாப் பிள்ளை சொல்லித்தான் நான் அறிய வேண்டிக் கிடந்தது. அண்டைக்கு மஃரிபில எத்தினை ரக்அத் தொழுதன் எண்டு தெரியாமல் திரும்பத் தொழுதன்.

இனித்தான் கெட்ட பகுதி. அந்தப் புயலோன் தன்னை ஊரை விட்டுத் துரத்தி எழுப்பினாப் பிறகு வேற ஊரில ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறான். ஊர்ச் சனம் திரும்பிப் போய்க் கூப்பிடுது. அவன் எல்லாருக்கும், "அடுத்த கிழமை வாறன்" எண்டு சொல்லிக்கொண்டு வடை சுடுறான். உன்ர மச்சான் தொடையில அடிச்சுச் சிரிச்சு, "றம்லா, இவன் எங்கட ஸஜாத்தேதான்!" எண்டார். சொன்னதோட விட்டாரோ? அதைக் குரலில பதிஞ்சு குடும்ப வட்ஸ்அப்பிலயும் போட்டார். அடுத்த நாள் விடியப் பாத்தா, "ஸஜாத் வெளியேறினார்" எண்டு கிடக்குது. உனக்கு எடுத்தா போன் வேலை செய்யேல்லை. திங்கட்கிழமை ஆரோ ஒரு ஆளிட்ட, பெருநாளைக்கு வர ஏலாது எண்டு சொல்லி விட்டிருக்கிறாய்.

மச்சான் இப்ப ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. இஞ்ச கிடக்கிற உன்ர வளவில பத்தை வெட்டி, கிணத்தை இறைச்சு, நீ வந்தா இருக்க எண்டு ஒரு அறையும் வெள்ளையடிச்சு வைச்சிருந்தவர், இப்ப அந்தப் பக்கம் பாக்காமல் பள்ளிக்குச் சுத்திப் போறார். நேற்று என்னைச் சந்தோசப்படுத்திறன் எண்டு ரீவிச் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு, தானே சுல்தானுக்குக் குரல் குடுத்தார். வில்லனுக்கும் அதே குரல், மஞ்சள் சட்டைக்கும் அதே குரல். ராஜினி, "அண்ணை, ஆர் ஆரை அடிக்கினம்?" எண்டு கேட்டா. "எனக்கும் விளங்கேல்லை தங்கச்சி" எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டார். வாய் பொல்லாத மனிசன், மனம் அப்பிடி இல்லை. பகிடியை மன்னிச்சுக்கொள். நீ வந்து இறங்கினதும் வாசலில வைச்சே மன்னிப்புக் கேப்பாராம். அந்தப் படத்தை இனி இந்த வீட்டில ஒருத்தரும் பாக்கிறேல்லை எண்டும் சொல்லிப்போட்டன்.

உன்ர உழைப்பில, ரிஸ்கில பறக்கத்தும், ஷமீலாவுக்கு முழங்கால் வலியில இருந்து விடுதலையும், எங்கள் எல்லாருக்கும் ஒரே சஹனில கை வைச்சுச் சாப்பிடுற ஒரு பெருநாளும் அல்லாஹ் நாடட்டும்.

சோறு மூடி வைக்கிற,
ராத்தா றம்லா.

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் லொறிக்கார றிஸ்வான் வந்திட்டான், இவன்தான் இதை உன்னட்டக் கொண்டு வாறவன். பிளேன்டீ குடிச்சுக்கொண்டு சொல்லுறான், உன்ர போன் உப்பளத் தண்ணிக்குள்ள விழுந்ததாம், திருத்தக் குடுத்த கடைப் பெடியன் வட்ஸ்அப் கணக்கையே அழிச்சுப்போட்டானாம், அதுதான் வெளியேறினதாக் காட்டினதாம். மச்சான்ர பகிடியை நீ கேக்கவே இல்லையாம், கோவமும் இல்லையாம்! மேல எழுதினதை எல்லாம் திருப்பி எடுக்கிறன். மச்சான் மன்னிப்பையும் திருப்பி எடுத்திட்டார், இப்ப குசினிக்குள்ள நிண்டு ரெண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிடுறார். படமும் இண்டைக்கு அஸருக்குப் பிறகு பாப்பம், புயலோன் ஊருக்குப் போறானோ எண்டு அறிய வேணும்.

ஆனா ஸஜாத், நீ கோவிக்கேல்லை எண்டா, பெருநாளைக்கு வர ஏலாது எண்டு ஏன் சொன்னனீ? றிஸ்வானைக் கேட்டன். "அடுத்த கிழமை வாறாராம்" எண்டான். எல்லாத்துக்கும் சிரிக்கிற ராஜினியும் சிரிக்கேல்லை. றிஸ்வான் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் திரும்பி வாறவன், அவனிட்டப் பதில் குடுத்து விடு. வாறன் எண்டு மட்டும் எழுதாதை, எண்டைக்கு எண்டு எழுது. கெதியா எழுது.