நீலக்கொம்பு தேசத்தின் முதல் பதிப்புக்காரர்

மனிதரில் முதல் பதிப்புக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் படிக்க மாட்டார். எத்தனையாவது பதிப்பு என்று திருப்பிப் பார்ப்பார். பார்த்ததும் முகத்தில் ஒரு துக்கம் வரும். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் மூக்கண்டப்பள்ளியில் ஆஞ்சப்பன்.

அவருக்கு வாய்த்த புத்தகம் 'நீலக்கொம்பு தேசம்'. கதைப் புத்தகம் இல்லை, விளையாட்டு. ஒரு கற்பனை தேசத்தின் மலை, ஆறு, அரக்கர், அரண்மனை எல்லாம் அதில் எழுதியிருக்கும்; ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, வாளை உருவுகிறேன், ஓடிப்போகிறேன் என்று வாயாலேயே சொல்லி, தாயக்கட்டையை உருட்டிப் பலன் பார்க்க வேண்டும். எழுதியவர் திம்மராயன், ஆஞ்சப்பன் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுபவர். எண்பத்து நாலில் ஸ்ட்ரைக் நடந்தபோது, சங்க ஆபீசில் சும்மா கிடந்த சைக்ளோஸ்டைல் மெஷினில் முதல் பதிப்பை ஓட்டினார். பிறகு கிருஷ்ணகிரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் இரண்டாம் பதிப்பு, பழைய வரைபடத்தோடே. அரக்கர் அத்தியாயத்துக்கு மேலே மாலையோடு இரண்டு கைகள் கோத்திருக்கும். படம் அடிக்க அச்சகத்தில் இருந்த பிளாக் அது ஒன்றுதான். தொண்ணூற்று இரண்டில் பெங்களூரில் கலர் வரைபடத்தோடு மூன்றாம் பதிப்பு.

இந்த வரலாற்றை ஆஞ்சப்பன் சொல்லாத இடம் உண்டா? ஷிப்ட் பஸ்ஸில் சொன்னார், ரேஷன் வரிசையில் சொன்னார், மச்சினனுக்குப் பெண் பார்க்க அஞ்செட்டிக்குப் போன இடத்தில் பஜ்ஜிக்கும் காபிக்கும் நடுவே சொன்னார். பெண் வீட்டார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். சம்பந்தம் அமையவில்லை.

"மொதப் பதிப்புல ஒரு உசுரு இருந்திச்சுப்பா" என்பார். உயிர் எங்கே இருந்தது? சைக்ளோஸ்டைலுக்கு வெட்டிய ஸ்டென்சில் தாள் மடங்கியதில். அந்த மடிப்பால் வரைபடத்தில் ஆறு நேரே மலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். விளையாட்டில் ஆஞ்சப்பன் சிற்றரசர். அந்த உச்சியில் கோட்டை கட்டி, ஏறிவரும் படகுகளை மறித்துச் சுங்கம் வாங்கியே எட்டு வருஷம் ஆண்டார். கம்பெனியில் அவர் ஹெல்பர்.

மூன்றாம் பதிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமை, திம்மராயன் வீட்டில் புது வரைபடத்தை விரித்தார்கள். ஆஞ்சப்பன் குனிந்து பார்த்தார். கோட்டை இருந்தது. தண்ணீர் இல்லை.

"ஏம்ப்பா திம்மராயா, என் ஆறு எங்க?"

"அது மிஸ்டேக்குண்ணா. ஸ்டென்சில் மடங்கிக்கிச்சு. இப்ப மலையச் சுத்தி உட்டுட்டேன். தண்ணி எங்கனா மலை ஏறுமா?"

"எட்டு வருசமா ஏறிச்சே."

"எழுதுனவன் நான் சொல்றேன்."

"நீ எழுதுனதோட சரி. படிச்சவன் நானு. அந்த ஊரப் பத்தி உனுக்கு என்னா தெரியும்?"

படகுக்காரனாக விளையாடும் முனிவேல் குறுக்கே வந்தார். "அண்ணா, இத்தினி வருசம் உங்களுக்குச் சுங்கம் கட்டுனவன் நானு. இனிமே சுத்தியே போயிக்கிறேன், உடுங்க."

எந்தப் பதிப்பில் ஆடுவது என்று கை தூக்கச் சொன்னார்கள். மூன்றாவதற்குக் கைகள் மளமளவென்று எழுந்தன. ஆஞ்சப்பன் தன் மனைவி வெங்கடம்மாவைப் பார்த்தார். அந்த தேசத்தில் அவள் சூனியக்காரி. கொஞ்சம் யோசித்தாள், அவளும் தூக்கினாள்.

"நீயுமா?"

"அந்த மலைய ஏறி எறங்கி எனுக்கு முட்டி நோவுதுங்க."

ஆஞ்சப்பன் தன் முதல் பதிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். அன்றிலிருந்து ஞாயிறு தோறும் வீட்டில் தனியாகத்தான் ஆடுகிறார். கதையை நடத்துபவரும் அவரே, படகுக்காரனும் அவரே, ராஜாவும் அவரே. படகு மலை ஏறி வரும். மறிப்பார். சுங்கம் கேட்பார். பேரம் பேசுவார், மறுப்பார், கட்டையை உருட்டுவார். சில வாரம் படகுக்காரன் ஜெயித்துவிடுகிறான். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்து முடிக்கிற இந்த நேரத்தில், 'இது முதலில் எதில் வந்தது, அதில் இன்னும் நன்றாக இருந்திருக்குமே' என்று கேட்க உங்கள் நாக்கு துறுதுறுக்கிறதா? அப்படியானால் நேரே மூக்கண்டப்பள்ளிக்கு வாருங்கள். படகு காலியாகத்தான் இருக்கிறது.