எலியின் இடது காது

இடது எது, வலது எது என்று யோசிக்காமல் சொல்லிவிடுகிறவர்களைக் கண்டால் நான் இன்றும் ஓரடி தள்ளித்தான் நிற்பேன். ஒருகாலத்தில் நானும் அப்படிப்பட்டவன்தான்.

அப்போது புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில், முனைவர் பட்டத்துக்காக எலிகளோடு மூன்று வருடம் குடித்தனம். சட்டையில் மரத்தூள் வாசனை, சோற்றில் மரத்தூள் வாசனை, கனவிலும் அதேதான். உடம்பு தன்னையே பகையென்று நினைத்துத் தாக்கும் நோய்க்கு வழிவிடும் ஒரு மரபணு, அந்த எலிகளில் சிலவற்றிடம் இருந்தது. கூடப்பிறந்த மற்றவற்றிடம் இல்லை. அது இருந்தால் ஈரலில் ஒரு புரதம் கூடுமா, குறையுமா? இதுதான் என் கேள்வி. மரபணு உள்ளதற்கு இடது காதில் ஓட்டை, இல்லாததற்கு வலது காதில். (காது குத்தியது நான். மாமன் சீர் மட்டும்தான் செய்யவில்லை.)

கூடும் என்று எல்லாரும் எதிர்பார்த்த புரதம் என் அட்டவணையில் குறைந்திருந்தது. கைடு மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது புதுசுப்பா" என்றார்.

வெளியூரிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்தார்கள். அவர்கள் தலையசைத்தால் பட்டம். இல்லையென்றால் மூன்று வருடமும் கடலில். காலையிலிருந்து உள்ளங்கை வேர்த்தது, பாதம் வேர்த்தது, எனக்கு இருப்பதே தெரியாத இடமெல்லாம் வேர்த்தது.

கடைசி வரிசையில், எலிகளுக்குத் தீனி வைக்கும் ஸ்டெல்லா அக்கா. லீவு நாளிலும் உழவர்கரையிலிருந்து பஸ் ஏறி, ஈஸ்டருக்கு எடுத்த புடவையில் வந்திருந்தார். "எம் புள்ளைங்க படம் காட்டுவேன்னியே தம்பி, அதான் வந்துட்டேன்."

படம் காட்டினேன். ஈரல் எடுப்பதற்காக மல்லாத்திய எலி. "பாருங்கள், இடது காதில் ஓட்டை. ஆகவே மரபணு உள்ள எலி."

"தம்பி, அது வலது காதாச்சே."

"இல்லக்கா, எடதுதான்."

"ஒனக்கு எடது. அதான் மல்லாக்கக் கெடக்குதே."

காது குத்தும்போது எலியைக் குப்புறப் பிடித்திருந்தேன். அதன் இடது என் இடது. ஈரல் எடுக்கும்போது மல்லாத்தினேன். காதுகள் பக்கம் மாறின, நான் மாறவில்லை. ஓர் எலி பாக்கியில்லாமல் தப்பாகக் குறித்திருந்தேன். மூன்று நிபுணர்களும் ஒருசேரத் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் தொட்டேன். (எந்தக் காது என்று கேட்காதீர்கள்.)

முழுக்கத் தப்பு என்பதுதான் என்னைக் காப்பாற்றியது. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டால் எல்லாம் சரி. எதிர்பார்த்தபடியே புரதம் கூடியது. "இப்ப சரியா இருக்கு. புதுசாதான் இல்ல" என்றார் மேடம். பட்டம் கிடைத்தது. கண்டுபிடிப்பு போய்விட்டது.

போன மாதம், ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். மல்லாந்து கிடந்தேன், காதில் ஓட்டை இல்லாத குறைதான். "வலது பக்கம் கொஞ்சம் திரும்புங்க சார்" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். அசையவில்லை. மறுபடியும் சொன்னாள்.

திரைக்கு வெளியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "எலிக்கு வலதா, அவருக்கு வலதான்னு யோசிக்கிறாரும்மா. கொஞ்சம் தொட்டுக் காட்டிடு."